எதிர்ப்பக்கம் வலுத்த ஆள் நிற்கும்போது

அச்சங்குளத்தில் நாங்கள் டென்னிஸ் ஆடுவது உலர்களத்தில். சோளமும் மல்லியும் காயப்போடக் கட்டிய சிமென்ட் தளம் அது. அறுப்பு முடிந்து களம் காலியானதும் சுண்ணாம்புக் கோடு போட்டு, பழைய வாலிபால் வலையைத் தாழ்த்திக் கட்டிக்கொள்வோம். அகலம் தேறிவிடும், நீளம்தான் தேறாது. 78 அடி இருக்க வேண்டிய கோர்ட் எங்களுக்கு 70 அடிதான். பேஸ்லைனுக்குப் பின்னால் இரண்டு எட்டு வைத்தால் வேலிக்கருவை முள். இப்படி ஆடிப் பழகிய பிள்ளைகள் மதுரைக்கோ சென்னைக்கோ போட்டிக்குப் போனால், எதிரே நிற்பவன் ஆறு வயதிலிருந்து பயிற்சியாளர் வைத்துப் பழகியவனாக இருப்பான். இந்த அத்தியாயம் அந்த நாளுக்கானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்கு 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த பட்டாசு ஆலை விபத்துதான் நினைவுக்கு வரும். இருபது உயிர்களுக்கு மேல் போன நாள். அதனால் சர்வீஸை வெடி என்றும் ஷாட்டை குண்டு என்றும் எழுதும் வழக்கம் இந்தப் புத்தகத்தில் இருக்காது. வேகமான சர்வீஸை வேகமான சர்வீஸ் என்றே சொல்லிக்கொள்வோம்.

தோற்ற மேட்ச்சை எண்ணிப் பார்ப்பது

சில வருடங்களுக்கு முன் எங்கள் பையன் ஒருவன் மதுரையில் ஆடி 6-0, 6-1 என்று தோற்றுவிட்டு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "சார், அவன் என்னய ஆடவே விடல." கூடப் போனவனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு புள்ளியும் எப்படி முடிந்தது என்று கோடு போட்டுக்கொண்டே வரச் சொல்லியிருந்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினோம்.

மொத்தம் 71 புள்ளி. நம் பையன் எடுத்தது 21. எதிராளி எடுத்தது 50. அந்த ஐம்பதில் எதிராளி அடித்து, நம் பையனால் தொட முடியாமல் போனது 14. மீதி 36 புள்ளியும் நம் பையன் வலையில் அடித்தது, கோட்டுக்கு வெளியே அடித்தது, டபுள் ஃபால்ட் போட்டது.

"யாருப்பா ஆட விடாதது?" என்று கேட்டேன். பதில் இல்லை. வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

வலுத்த ஆளிடம் தோற்பதில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. அவன் அடித்த ஓரிரண்டு நல்ல ஷாட்டைப் பார்த்ததும், நாமும் அதே மாதிரி அடித்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்று தோன்றிவிடுகிறது. பயிற்சியில் ஒருநாளும் அடிக்காத வேகத்தில் அடிக்கிறோம், கோட்டை ஒட்டிக் குறி வைக்கிறோம். எதிராளி பாதி நேரம் சும்மா நின்று புள்ளி வாங்குகிறான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு, பிள்ளைகளுக்குத் தவறாமல் போட்டுக் காட்டுவேன். 100 புள்ளியில் 55 எடுப்பவர், 100 கேமில் 62 எடுப்பார். செட் என்று வந்தால் 80-ஐத் தாண்டிவிடும். மூன்று செட் மேட்ச்சில் 90-ஐத் தொடும். டென்னிஸின் எண்ணும் முறை அப்படி: சின்ன வித்தியாசத்தை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். ரோஜர் ஃபெடரர் 2024-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது இதைத் தன் கணக்கிலேயே சொன்னார். அவர் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் வெற்றி, ஆனால் எடுத்த புள்ளிகள் 54 சதவீதம்தான். ஆகவே ஸ்கோர் 6-1 என்று இருந்தால் எதிராளி ஆறு மடங்கு பெரிய ஆள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அவனாக அடித்து எடுக்காத எட்டுப் பத்துப் புள்ளியை நாமாகக் கொடுக்காமல் இருந்தாலே ஸ்கோர்போர்டு வேறு மாதிரித் தெரியும்.

அவனுக்குப் பிடித்ததைக் கொடுக்காதே

பயிற்சி எடுத்த ஆட்டக்காரர்களுக்குப் பொதுவாகப் பிடித்தது வேகம். இடுப்பு உயரத்தில், ஒரே சீராக, வேகமாக வரும் பந்து. அகாடமியில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அதைத்தான் அடிக்கிறார்கள். நாம் ஓங்கி அடிக்க அடிக்க அவர்களுக்கு வேலை மிச்சம்.

இதை உலகத்துக்கே பாடமாக நடத்திக் காட்டிய ஆட்டம் 1975 விம்பிள்டன் இறுதி. நடப்புச் சாம்பியன் ஜிம்மி கானர்ஸை எதிர்த்து ஆர்தர் ஆஷ். கானர்ஸ் எதிராளியின் வேகத்தை வாங்கி அதை இரட்டிப்பாக்கித் திருப்பி அனுப்புகிற ஆள். ஆஷ் தன் இயல்பில் வேகமாக அடிப்பவர். ஆனால் அன்று வேகத்தை அடக்கிக்கொண்டார். கானர்ஸின் ஃபோர்ஹேண்ட் பக்கம் தாழ்வாக, மெதுவாக, உயிரில்லாத பந்தாகப் போட்டார். இடது கைக்காரரான கானர்ஸின் இரண்டு கை பேக்ஹேண்ட் எட்டாதபடி, டியூஸ் பக்கத்தில் வெளியே வளைந்து போகும் ஸ்லைஸ் சர்வீஸ் போட்டார். முன்னால் வந்தால் தலைக்கு மேல் லாப். 6-1, 6-1, 5-7, 6-4. மூன்றாவது செட் போனபோது பதறிப் பழைய வேகத்துக்குத் திரும்பாமல் இருந்தாரே, எனக்கு அந்த ஆட்டத்தில் மிகப் பிடித்தது அதுதான்.

நம் பக்கத்து உதாரணம் அதற்கும் முந்தையது. நாகர்கோவிலில் 1937-ல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன். அவருடைய சர்வீஸ் மென்மையானது. அவர் காலத்து ஆஸ்திரேலியர்களின் சர்வீஸுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. கையில் இருந்தது பந்தைத் தொடும் நயமும், எதிராளியை நகர்த்தி நிறுத்துகிற கண்ணும். 1959-ல், அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதிவரை வந்திருந்த ராட் லேவரை டேவிஸ் கோப்பையில் தோற்கடித்தார். 1960, 1961 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி. 1961 கால் இறுதியில் அவரிடம் நேர் செட்களில் தோற்றவர் ராய் எமர்சன், அந்த வருட ஆஸ்திரேலியச் சாம்பியன். அடுத்த சுற்றில் லேவரிடம் அதே கை பலிக்கவில்லை, நேர் செட்களில் தோற்றார். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வழி எல்லா நாளும் ஜெயித்துக் கொடுக்காது. ஆனால் வேகத்துக்கு வேகம் என்று நின்றிருந்தால் அவருக்கு அரையிறுதியே வாய்த்திருக்காது.

அப்படியானால் எங்கே அடிப்பது? குழம்பினால் நடுவில் ஆழமாக அடியுங்கள். எதிராளியின் பேஸ்லைன் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் விழும் பந்திலிருந்து அவனால் கூரான கோணம் எடுக்க முடியாது. நம்மை ஓட வைப்பது அவனுக்குக் கஷ்டமாகும். கொஞ்சம் இடம் கிடைத்தால் குறுக்காக, அதாவது கிராஸ் கோர்ட். காரணம் வலையிலேயே இருக்கிறது. ஓரத்தில் மூன்றரை அடி உயரம், நடுவில் மூன்று அடி. ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 27 அடி, நீளம் 78 அடி. மூலைக்கு மூலை அளந்தால் ஏறக்குறைய 82½ அடி வரும். குறுக்கே அடிக்கும்போது வலை அரை அடி தாழ்கிறது, கோர்ட் நாலரை அடி நீள்கிறது. கோட்டை ஒட்டி நேராக அடிப்பவன் இரண்டு சலுகையையும் கை நழுவ விடுகிறான். நிலைதடுமாறி ஓடிக்கொண்டே நேராக அடிப்பதை எங்கள் களத்தில் "காசைக் கம்மாயில போடுறது" என்போம்.

உயரமும் ஓர் ஆயுதம். தோளுக்கு மேலே எழும்பும் பந்தை அடிக்க ரொம்பப் பேருக்குப் பிடிக்காது, அதுவும் பேக்ஹேண்டில். சும்மா தூக்கிப் போடுகிறான் என்று எதிராளியின் அப்பா கேலரியில் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

சர்வீஸை வாங்குவதும் போடுவதும்

வேகமான சர்வீஸைத் திருப்பும்போது ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோகாதீர்கள். மட்டையை முன்னால் நிறுத்தி, பிடியை இறுக்கி, பந்து வந்து மோதிக்கொள்ள விடுங்கள். வேகம் அவனுடையது, திசை மட்டும் நம்முடையது. இதில் உலர்களத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. பின்னால் முள் இருப்பதால் பந்து எழும்பும்போதே அடித்துப் பழகியிருக்கிறார்கள். அகாடமிப் பிள்ளை மூன்று எட்டுப் பின்வாங்கி வாங்கும் பந்தை இவர்கள் இருந்த இடத்திலேயே தொடுகிறார்கள். பெரிய கோர்ட்டைப் பார்த்ததும் இடம் கிடைத்த சந்தோஷத்தில் இவர்களும் பின்னால் போய் நின்றுவிடுகிறார்கள். அதைத் தடுப்பதுதான் எனக்குப் பெரும்பாடு.

பந்தைச் சீக்கிரம் வாங்குவதற்குப் பார்க்க வேண்டிய ஆள் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன். 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு இரண்டிலும் ஜூனியர் பட்டம் வென்றவர். சர்வீஸ் அப்பாவுடையது போலத்தான். வேகம் கிடையாது. 1987 டேவிஸ் கோப்பை அரையிறுதியில் சிட்னியில், ஆஸ்திரேலியர்களின் சொந்தப் புல்தரையில், கடைசி ஆட்டத்தில் வாலி மாசுரை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் தோற்கடித்தார். பழைய காணொளிகள் கிடைத்தால் அவர் எவ்வளவு கடினமாக அடிக்கிறார் என்று தேடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். பந்து தரையை விட்டு எழும்பி எவ்வளவு நேரத்தில் மட்டையைத் தொடுகிறது என்று பாருங்கள். எதிராளி திரும்பி நிற்பதற்குள் பந்து போய்ச் சேர்ந்திருக்கும். வேகமாக அடிக்காமலே நேரத்தைப் பறிக்கும் வித்தை அது.

சர்வீஸ் போடும்போது முதல் சர்வீஸையே முக்கால் வேகத்தில் உள்ளே போடுங்கள். வலுத்த ஆளுக்கு நம் இரண்டாவது சர்வீஸ் விருந்துச் சாப்பாடு. முதல் சர்வீஸை முழு வேகத்தில் ஐந்துக்கு இரண்டு உள்ளே போடுவதைவிட, முக்கால் வேகத்தில் ஐந்துக்கு நாலு போடுவது மேல். குறி தெரியவில்லையா, நேராக அவன் உடம்பைப் பார்த்துப் போடுங்கள். கை நீட்ட இடமில்லாமல் மடங்கி அடிக்கிற ரிட்டர்ன் அரைகுறையாகத்தான் வரும்.

காற்றையும் பேசிவிடலாம். ஆடி மாதம் எங்கள் பக்கம் மேற்கேயிருந்து வீசும் காற்றில் லாப் போட்டால் பந்து அடுத்த ஊருக்குப் போகும். ஆனாலும் வலுத்த ஆளோடு ஆடக் காற்று நாள் நல்ல நாள். அவனுடைய நுணுக்கமான ஷாட்டெல்லாம் காற்றில் கெடும். கோட்டிலிருந்து மூன்றடி உள்ளே குறி வைத்துப் பழகியவனுக்கு நஷ்டம் குறைவு. வெயிலும் அப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள், நான் அதை நம்பி யாரையும் இறக்குவதில்லை. கரிசல்காட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளையும் தண்ணீர் குடிக்காமல் ஆடினால் தலை சுற்றித்தான் விழும். ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ இரண்டு மடக்கு.

துணிந்து அடிக்கும் நேரம்

இதுவரை படித்துவிட்டு எப்போதும் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறுமை என்பது அவன் தவறு செய்யக் காத்திருப்பது. சிலர் தவறே செய்ய மாட்டார்கள். அவர்களிடம் புள்ளியை நாமாகப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

சென்னைக்காரர் ராம்குமார் ராமநாதன் 2017-ல் துருக்கியின் அந்தால்யாவில் புல்தரையில் டோமினிக் தீமைச் சந்தித்தபோது தரவரிசையில் 222-ல் இருந்தார். தீம் எட்டாவது இடம். ராம்குமாரின் கையிருப்பு பெரிய சர்வீஸும் நெட்டுக்கு வந்து அடிக்கும் பழக்கமும். பேஸ்லைனில் நின்று தீமோடு ரேலி ஆடினால் கதை முடிந்தது. 6-3, 6-2 என்று ஜெயித்தார். தன் கையில் எது உண்டோ அதை வைத்து ஆடினார், அதற்குத் தோதான தரையும் அமைந்தது.

1989 பிரெஞ்சு ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங் வேறு மாதிரி. எதிரே முதல்நிலை வீரர் இவான் லெண்டில். முதல் இரண்டு செட்டும் போயிற்று. காலில் தசைப்பிடிப்பு. சாங் பந்தை வானத்துக்குத் தூக்கிப் போட்டார். ஐந்தாவது செட்டில் ஒரு முறை கையைத் தாழ்த்தி, கில்லி தட்டுவது போல் அடியிலிருந்து சர்வீஸ் போட்டார். விதிப்படி அதில் தவறில்லை. லெண்டில் குழம்பியது வெளிப்படையாகத் தெரிந்தது. சாங் ஜெயித்து, அந்தப் பட்டத்தையும் வாங்கினார். ஒரு மேட்ச்சில் இந்த வேலையை ஒரு தடவை செய்யலாம். இரண்டாவது தடவைக்கு அவன் முன்னால் வந்து நின்றிருப்பான்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் விதி சாதாரணமானது. பந்து சர்வீஸ் கோட்டுக்கு முன்னால் குட்டையாக விழுந்து, நம் இரண்டு காலும் தரையில் உறுதியாக இருந்தால் அடி. இரண்டில் ஒன்று இல்லையென்றால் திருப்பி ஆழமாகப் போடு. 40-0 என்று பின்தங்கியிருந்தால் ஒரு முறை கோட்டை ஒட்டி முயன்று பார்க்கலாம், போனால் போகட்டும். 30-30-ல் அந்த விளையாட்டு வேண்டாம்.

முன்னிலைக்கு வந்தபின் ஆடுவது இதைவிடக் கஷ்டம். விஜய் அமிர்தராஜ் 1979 விம்பிள்டனில் பியோன் போர்கை எதிர்த்து இரண்டுக்கு ஒன்று என்று செட் முன்னிலையில் இருந்து தோற்றார். 1981 கால் இறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டுத் தோற்றார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. 1984-ல் ஜான் மெக்கென்ரோ வருடம் முழுவதும் மூன்றே ஆட்டங்கள் தோற்றார், அதில் ஒன்று சின்சினாட்டியில் விஜயிடம். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரான விஜய்க்கே முன்னிலை நழுவியது. வலுத்த ஆள் பின்தங்கியதும் ஆட்டத்தை மாற்றுவான். வேகத்தைக் கூட்டுவான், நெட்டுக்கு வருவான், நேரத்தை இழுப்பான். நாமோ எத்தனை கேம் மீதி என்று எண்ண ஆரம்பித்திருப்போம். அந்த நேரத்தில் உதவுவது விதிப்புத்தகம். புள்ளிகளுக்கு இடையே 25 விநாடி, பக்கம் மாறும்போது 90 விநாடி. முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றைச் சரிசெய்யுங்கள், துண்டால் முகம் துடையுங்கள், இந்தச் செட்டில் புள்ளி கொடுத்தது எந்த ஷாட் என்று யோசித்து அதையே மறுபடி ஆடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 1966 டிசம்பரில் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பை மோதலின் கடைசி ஆட்டம். ராமநாதன் கிருஷ்ணன் தாமஸ் காக்கிடம் இரண்டுக்கு ஒன்று என்று செட் பின்தங்கி, நாலாவது செட்டில் 2-5. ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து அந்தச் செட்டை 7-5 என்று எடுத்து, ஐந்தாவதையும் ஜெயித்து, இந்தியாவை முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். வலுத்த ஆளுக்கும் முடிக்கும் நேரத்தில் கை நடுங்கும்.

வலுத்த ஆளைத் தேடிப் போவது

போட்டி நாளில் மட்டும் வலுத்தவனைப் பார்த்தால் பயந்துதான் போவோம். வாரம் ஒரு நாளாவது நம்மைவிட மேலான ஒருவரோடு ஆட வேண்டும். சிரமம் என்னவென்றால் அவருக்கு நம்மோடு ஆடுவதில் ருசி இருக்காது. அதனால் சில மரியாதைகள். புதுப் பந்து நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள். அவருக்கு முன்னால் போய்க் கோர்ட்டைக் கூட்டி வையுங்கள். ஒவ்வொரு தப்புக்கும் "சாரி அண்ணே, சாரி அண்ணே" என்று சொல்லி அவர் காதைப் புண்ணாக்காதீர்கள். ஒரு செட் முடிந்ததும் நன்றி சொல்லி விலகிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் அவரே கூப்பிடுவார்.

இருவருக்கும் ருசி வர இன்னொரு வழி, புள்ளி கொடுத்து ஆடுவது. டென்னிஸ் பிறந்த காலத்திலிருந்தே உள்ள பழக்கம்தான். 100 புள்ளியில் 40 எடுக்கிறவர் சாதாரணமாக ஆடினால் 100 கேமில் 26 எடுப்பார். ஒவ்வொரு கேமையும் அவருக்கு 15-0 என்று கொடுத்து ஆரம்பித்தால் 42 ஆகும். 30-0 கொடுத்தால் 63. அதாவது 15-0 கொடுத்தால் வலுத்தவர் வியர்வை சிந்தித்தான் ஜெயிக்க வேண்டும். 30-0 கொடுத்தால் தோற்கக்கூடும்.

தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் அடைத்திருக்கும் நாட்களில் எங்கள் பிள்ளைகளைச் சாத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் கூட்டிப்போவேன். ரிட்டையர் ஆனவர், வயது எழுபதை நெருங்கும். ஸ்லைஸ் தவிர வேறெதுவும் அடிக்க மாட்டார், ஓடவும் மாட்டார். அவரிடம் இதுவரை எங்கள் பிள்ளைகள் யாரும் ஒரு செட் எடுத்ததில்லை. முதல் நாள் எல்லோருக்கும் 30-0 கொடுத்துத்தான் ஆரம்பிப்பார். பாராட்டுவதோ திட்டுவதோ கிடையாது.

மதுரையில் 6-1 வாங்கிவந்த அந்தப் பையன் மூன்று வருஷம் அவரிடம் போனான். நோட்டில் கோடு போடுவதை நிறுத்தவில்லை. தானாகக் கொடுத்த புள்ளி ஒரு செட்டுக்குப் பதினெட்டிலிருந்து எட்டுக்கு வந்திருந்தது. போன கார்த்திகையில் ஒரு நாள் சர்வீஸ் போடப் போய், வழக்கம்போல் "முப்பது லவ்" என்றான். பெரியவர் எதிர்ப்பக்கம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பதினஞ்சு லவ்வுன்னு சொல்லிப் போடுப்பா" என்றார்.